ஜிஆர்86 வாங்கியாச்சு, ஃபெராரியும் ஓட்டிப் பாத்தாச்சு: ரெண்டும் ஓட்டினவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஸ்கைலைன்வாசி:

நம்மாளுங்க கார் பேச்சு எடுத்தாலே டெஸ்லாவா ஒடிஸி குடும்ப வேனாங்கறதுலயே நின்னுடறாங்க, ஸ்போர்ட்ஸ் கார் பத்தி தமிழ்ல எழுதறவங்க கம்மி, அதனால நானே ஆரம்பிக்கறேன். இருக்கறது கலிஃபோர்னியா பே ஏரியா. வாங்கினது புது டொயோட்டா ஜிஆர்86, ஆறு கியர் மேனுவல். 2022 மாடல் இங்க வந்தப்ப ஆரம்ப விலை 27,700 டாலர்னு அறிவிச்சாங்க, ஆனா அந்த விலைக்குக் குடுக்கற டீலரைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஒரு எடத்துல மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்னு, அதாவது டீலரே மேல ஏத்தற தொகைக்கு, தனியா ஒரு தாளை ஜன்னல்ல ஒட்டி வெச்சுட்டு, அது ஏதோ அரசாங்க வரி மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு பேசினாங்க. எழுந்து வந்துட்டேன். கொஞ்சம் தள்ளி வேற ஊர்ல ஸ்டிக்கர் விலைக்கே, அதாவது கம்பெனி போட்ட விலைக்கே கிடைச்சுது.

வண்டி பத்தி சுருக்கமா. 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர் ரெண்டு பக்கமும் படுத்திருக்கும்), காத்தை அழுத்தி உள்ள தள்ளற டர்போ கிடையாது, 228 குதிரைத்திறன், எடை சுமார் 1,280 கிலோ, பின் சக்கரம் தள்ளற வண்டி. பேரு தான் டொயோட்டா, எஞ்சினும் சுபாரு, கட்டறதும் ஜப்பான்ல சுபாரு ஃபேக்டரியில தான், அதே வண்டி தான் பிஆர்இஸட்னும் விக்குது. பழைய 2 லிட்டர் 86-ல நடு ஆர்பிஎம்ல (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறது) இழுவையில ஒரு பள்ளம் இருக்கும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஒரு நொடி யோசிச்சுட்டு போகும், இதுல அது போயிடுச்சு. கார் கூட ஒரு வருஷம் நாசா மெம்பர்ஷிப் தர்றாங்க, ராக்கெட் விடற நாசா இல்லீங்க, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன், ட்ராக்ல எப்படி ஓட்டறதுன்னு சொல்லித் தர்ற ஒரு நாள் இலவசம். இதை ஃபோன்ல ஊருக்குச் சொன்னேன், அம்மா பாதி தான் கேட்டாங்க, பக்கத்து வீட்ல என்ன சொல்லி வெச்சிருக்காங்களோ நான் விசாரிக்கல.

இப்ப ஃபெராரி. லாஸ் வேகஸ்ல காசு கட்டினா ட்ராக்ல சில ரவுண்டு ஓட்ட விடறாங்க, பக்கத்துல இன்ஸ்ட்ரக்டர் உக்காந்திருப்பார். நான் எடுத்தது 458 இட்டாலியா. 4.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), 570 பிஎஸ் (அதுவும் குதிரைத்திறன் மாதிரி தான்), டர்போ இல்லாம 9,000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தற எஞ்சின். இதுக்கப்புறம் வந்த 488 டர்போ ஆயிடுச்சு, அதனாலயே 458-னா இன்னிக்கும் ஒரு தனி மரியாதை. மேனுவல் கியர் இந்த மாடலுக்கு கம்பெனியே போடல, கியர் மாத்த ஸ்டியரிங் பின்னாடி விரலால இழுக்கற ரெண்டு பேடில் தான். இண்டிகேட்டர் கூட ஸ்டியரிங் மேலயே பட்டன், ட்ராக்ல தேவைப்படல நல்லவேளை.

இணையத்துல அடிக்கடி பாப்பீங்க, மலிவு கார் தான் ஜாலி, சூப்பர் கார்லாம் வேஸ்ட்னு. அது பாதி பொய், ஃபெராரி வாங்க முடியாதவங்க நமக்கு நாமே சொல்லிக்கறது. ஓட்டிப் பாத்தவன் சொல்றேன், அது எல்லாத்துலயும் மேல. நம்ம வண்டி 7,000 தாண்டினதும் சரி சரி போதும் கியர் மாத்துன்னு சொல்ற எடத்துல அது அப்பதான் தொண்டையைச் செருமிட்டு பாடவே ஆரம்பிக்குது. பிரேக் எல்லாம் கார்பன் செராமிக், நான் பயந்துபோய் மிதிச்ச எடத்துக்கு அப்புறம் இன்னும் நிறைய தூரம் மிச்சம் இருக்குன்னு இன்ஸ்ட்ரக்டர் கை காட்டிட்டே இருக்கார், மூளைக்குப் புரியுது, காலுக்குப் புரியல.

ஆனா ஒண்ணு. வளைவுல ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமா குடுத்தேன்னு வைங்க, வண்டி லேசா அசைஞ்சு உடனே நேராச்சு, அதை நேராக்கினது நானா கம்ப்யூட்டரான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. ஜிஆர்86-ல அந்தக் குழப்பமே வராது. பின்பக்கம் நழுவப்போகுதுன்னா சீட் வழியா முதல்லயே தகவல் வந்துடும், பாஸ் நான் கிளம்பறேன்னு. திருப்பினா அது என் கை, தப்பா திருப்பினா அதுவும் என் கை.

அடுத்து ரோடு. எங்க பக்கம் வுட்சைடுல இருந்து மலை ஏர்ற ஹைவே 84, ரெட்வுட் மரங்களுக்கு நடுவுல சும்மா பாம்பா வளைஞ்சு போகும், சில வளைவுல ஆளுக்கு ஒரு லேனே இறுக்கமா இருக்கும். ஜிஆர்86 அகலம் 1,775 மில்லிமீட்டர், 458 அகலம் 1,937. பதினாறு சென்டிமீட்டர் தானேன்னு தோணும், எதிர்ல ஒரு பிக்கப் ட்ரக் கோட்டை ஒட்டி வரும்போது அந்தப் பதினாறு என்னன்னு தெரியும். ஃபெராரிக்கு ரெண்டாவது கியர்லயே ஹைவே லிமிட் 65 மைல் தாண்டிடும், மீதி அஞ்சு கியரை வெச்சுக்கிட்டு இந்த ரோட்டுல என்ன பண்றது?

மலை மேல 84-ம் ஸ்கைலைன் ரோடும் சேர்ற எடத்துல ஆலிஸ் ரெஸ்டாரன்ட் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில போனா பைக், போர்ஷா, லம்போர்கினின்னு திருவிழா தான். அங்க எஃப்355-ங்கற பழைய ஃபெராரி வெச்சிருக்கற ஒரு பெரியவர்கிட்ட பேசினேன். அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாத்தணும்னா எஞ்சினையே கீழ இறக்கணும், வண்டி ஓடுதோ இல்லையோ சில வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும், பில் வரும்போது வீட்ல யார்கிட்டயும் காட்டறதில்லன்னார். அடுத்து வந்த ஃபெராரி 360-ல எஞ்சினை இறக்காமலே பெல்ட் மாத்தலாம், அதுக்கப்புறம் எஃப்430-ல இருந்து பெல்ட்டுக்குப் பதிலா செயின். இதெல்லாம் அவர் சொல்லிட்டு என் வண்டியைச் சுத்தி வந்து பாத்தார். ஸ்பீக்கர் வழியா எஞ்சின் சத்தம் விடறாங்களாமே உண்மையான்னு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டார். உண்மைதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அவரும் மரியாதைக்கு ரொம்ப சிரிக்கல.

ஸ்காபரோ மியாட்டா:

நல்ல இழை அண்ணை. நான் ரொறன்ரோவில, மஸ்டா எம்எக்ஸ்-5 வச்சிருக்கிறன், இஞ்ச எல்லாரும் மியாட்டா எண்டுதான் சொல்லுறது. 181 குதிரைவலு, உங்கட வண்டியைவிடவும் எடை குறைவு, ரெண்டே ரெண்டு சீற், கூரையைக் கையாலயே ஒரு தள்ளு தள்ளினால் திறந்திடும்.

எனக்கு எக்ஸோட்டிக், அதுதான் விலை கூடின சூப்பர் கார், வாய்ச்சது ரேஸ் ட்ராக்கில இல்லை, கலியாண வீட்டில. மச்சான்ர கலியாணத்துக்கு மாப்பிள்ளை லம்போகினியிலதான் வந்து இறங்கோணும் எண்டு பெடியள் முடிவெடுத்திட்டாங்கள். வாடகைக்கு எடுத்தது லம்போகினி ஹுரகான், 5.2 லீற்றர் வி10, 610 குதிரை. ஓட்டுறவர் எண்டு என்ர பேரைத்தான் குடுத்தது, ஏனெண்டா வயசும் டிக்கெற் இல்லாத ரெக்கோட்டும் வேணுமெண்டு வாடகைக்காரர் சொல்லிப்போட்டினம். எனக்குள்ள சரியான சந்தோசம், வெளியில பெரிய சுமை மாதிரிக் காட்டிக்கொண்டு சம்மதிச்சன்.

மாப்பிள்ளை பட்டுவேட்டி, தலைப்பாகையோட ஏறப் பாக்கிறார், தலைப்பாகை கூரையில முட்டுது. கழட்டு எண்டால் மாமி விடுறா இல்லை, தலைப்பாகை வச்சால் கழட்டக் கூடாதாம். அப்பிடியே தலையைச் சரிச்சுக்கொண்டு வந்தவர், பாவம். 401 ஹைவேயில சனிக்கிழமை நெரிசல், ஊர்ந்து ஊர்ந்து போறம், பின்னுக்கு என்ன வருதெண்டு கண்ணாடியில ஒழுங்காத் தெரியாது, இரண்டு பக்கமும் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு சனம். மண்டப வாசல்ல ஒரு வேகத்தடை, அதில ஏற முன்னால நான் பட்ட பாடு, அடியில உரசினால் டெபாசிற் போச்சு. இறங்கேக்க மாப்பிள்ளையை ரெண்டு பேர் இழுத்துத்தான் எடுத்தது, நாதஸ்வரக்காரர் வாசிச்சுக்கொண்டு நிக்கிறார், ஒரு சின்னப் பெடியன் அண்ணை ஒருக்கா றெவ் பண்ணுங்கோ, எஞ்சினை உறும விடுங்கோ எண்டு கத்துறான். பண்ணினன். தவில் கொஞ்ச நேரம் நிண்டு போச்சு.

வேகமாப் போகலாமே எண்டு கேக்காதேங்கோ. ஒன்ராறியோவில ஹைவேயில லிமிட்டைவிட 50 கிலோமீற்றர் கூடினால் ஸ்டண்ட் ட்ரைவிங் எண்டு பிடிப்பாங்கள். 2021-ல சட்டத்தை இறுக்கினவை, அந்த இடத்திலயே லைசென்ஸ் 30 நாள், வண்டி 14 நாள் போயிடும், வாடகை வண்டியெண்டாலும் தூக்கிக்கொண்டு போவாங்கள். வாங்கிற யோசனையெண்டால் இன்னொண்டு, 2022 செப்ரெம்பரில இருந்து கனடாவில லட்சம் டொலருக்கு மேல உள்ள புதுக் காருக்கு லக்ஷரி டாக்ஸ் இருக்கு, மொத்த விலையில 10 வீதம் அல்லது லட்சத்துக்கு மேல உள்ளதில 20 வீதம், எது குறைவோ அது.

என்ர மியாட்டா பனிக்கு ரோட்டில உப்பு போடுற மாசங்களில கவரைப் போட்டுப் படுத்திருக்கும். சித்திரை பிறந்தால் வெளியில வரும், கூரையைத் திறந்துபோட்டுக் கடைக்குப் பால் வாங்கப் போறதே ஒரு சுகம். ஆனால் உள்ளதைச் சொல்லோணும், பாலத்துக்குக் கீழ போகேக்க அந்த வி10 போட்ட சத்தத்துக்குக் கிட்ட வாற மாதிரி என்ர வண்டியில ஒண்டும் இல்லை.

மியூனிக் தம்பி:

அண்ணா, ரோடுல சூப்பர் காருக்கு வேலையில்லன்னு சொல்றீங்க, எங்க ஜெர்மனி ஹைவே ஆட்டோபான் பக்கம் வாங்க. லிமிட் இல்லாத பகுதியில ஜிஆர்86-க்கு டாப் ஸ்பீடே 226 கிலோமீட்டர், அதுக்கே மூச்சு வாங்கும், 458 எல்லாம் 325 வரைக்கும் போற சாதி. ஆனா நிஜத்துல வேலை நடக்குதுன்னு போர்டு, லேன் மாத்தற லாரி, இதுக்கு நடுவுல 200 பிடிச்சு அப்படியே ஓட்டறதே அதிர்ஷ்டம் தான். இத்தாலியில மரனெல்லோ போனா ஃபெராரி ஃபேக்டரி வெளியவே நிமிஷக் கணக்குல வாடகைக்கு விடறாங்க, பக்கத்துல அவங்க ஆள் உக்காந்து வருவார், நான் ஓட்டினது ஊருக்குள்ள தான், பாதி நேரம் ரவுண்டானாவுலயே போச்சு. ஜிஆர்86 இங்க புதுசா கிடைக்காது, யூரோப்புல ரெண்டு வருஷம் தான் வித்தாங்க, 2024 ஜூலையில புது பாதுகாப்பு விதி வந்ததோட நிறுத்திட்டாங்க. வெச்சிருக்கறவங்க விக்க மாட்டேங்கறாங்க, வித்தா அநியாய விலை.

புதுவரவு:

ரெண்டு சின்னக் குழந்தைங்க இருக்காங்க, ஜிஆர்86 பின் சீட்டு தாங்குமா? ட்ராஃபிக் ஜாஸ்தி, ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

ஸ்கைலைன்வாசி:

பின் சீட்டுன்னு ஒண்ணு இருக்கு, இன்சூரன்ஸ் பேப்பர்ல எழுதறதுக்கு. குழந்தை சீட் மாட்டினா முன்னாடி இருக்கறவங்க முழங்கால் டேஷ்போர்டுல போய் நிக்கும், இதுவே வீட்ல ஒரே காருன்னா வேண்டாம். மடிச்சா நாலு டயர் உள்ள போகும், அதுக்கு நல்லது. ஆட்டோமேட்டிக் கெட்டதில்ல, நின்ன எடத்துல இருந்து 60 மைல் வேகம் தொட டொயோட்டா கணக்குப்படி மேனுவல் 6.1 நொடி, ஆட்டோ 6.6, வித்தியாசம் பெருசா இல்ல. ஆனா இந்தக் கார்ல ஃபெராரிகிட்ட இல்லாத ஒரே விஷயம் மூணாவது பெடல் தான், அதையும் விட்டுட்டா அந்தக் காசுக்கு டொயோட்டாவோட குடும்பக் கார் கேம்ரி நல்லா பெருசா வரும், பசங்களும் கால் நீட்டி உக்காருவாங்க. இன்னொண்ணு, விலை கூடின பிரீமியம் மாடல்ல 18 இஞ்ச் வீல், பைலட் ஸ்போர்ட் 4-னு கிரிப் ஜாஸ்தியான டயர், ஆரம்ப விலை பேஸ் மாடல்ல 17 இஞ்ச், பிரைமஸின்னு சாதா டயர். கிரிப் கம்மியான பேஸ் தான் எனக்குப் பிடிச்சுது, கம்மி வேகத்துலயே வண்டி பேச ஆரம்பிச்சுடும், டயர் மாத்தும்போது பில்லும் கம்மி. மழைக்காலம் வர்றதுக்குள்ள பேஸ், பிரீமியம் ரெண்டையும் ஒரே ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.