விவாதம்: கடற்கூண்டு மீன்வளர்ப்பில் கொங்கு நாட்டார் முதலிடலாமா?

காவிரிக்கரை (ஈரோடு):
மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் விசாகப்பட்டினக் கடலில் வலைக்கூண்டை மிதக்கவிட்டு அதற்குள் மீன் வளர்க்கும் முறையைத் தொடங்கியது. 2010இல் அதன் மண்டபம் மையம் கோபியா எனப்படும் கடல் விராலை இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது. குஞ்சுக்குக் கடலையே நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிய பிறகும், நூற்பாலை, பம்ப், கோழிப்பண்ணை என்று துணிந்து முதல் போட்ட நம் பகுதியினர் இதில் தயங்குவது சரியன்று.

நொய்யல் உழவன் (ஒரத்துப்பாளையம்):
தம்பி, 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய எங்கள் நொய்யல் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியானதைப் பார்த்தவன் நான். கழிவு நீரோடு போய்விடும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்து, 2011இல் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கூண்டில் தின்னாத தீவனமும் மீனின் கழிவும் அடியில்தான் படியும். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அது எங்கே போகும்?

காவிரிக்கரை:
அதனால்தான் கரையை விட்டு விலகி, நீரோட்டம் வலுவாக உள்ள ஆழ்பகுதிக்குச் செல்ல வேண்டும் என்கிறேன், அண்ணா. நார்வே 2017இல் 110 மீட்டர் விட்டமுள்ள ‘ஓஷன் ஃபார்ம் 1’ கூண்டைத் திறந்த கடலில் நிறுவியது இந்த நோக்கத்தில்தான். கூண்டருகே கடற்பாசி வளர்த்தால் கரைந்த சத்துகளை அது எடுத்துக்கொள்ளும் என்பதை நம் ஆய்வாளர்களும் பாக் நீரிணையில் காட்டியிருக்கிறார்கள்.

நொய்யல் உழவன்:
கரைந்ததைப் பாசி எடுக்கும், படிந்ததை எடுக்காது. மேலும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை மறக்க வேண்டாம். நார்வேயின் குளிர்கடல் சால்மனுக்குப் பொருந்தியது, புயல் வீசும் வங்கக்கடலில் கடல் விராலுக்கும் பொருந்தும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

தீவனக்காரர் (நாமக்கல்):
இருவரும் தீவனத்தைத் தொடவே இல்லை. கடல் விரால் ஊனுண்ணி. அதற்கு மத்தியையும் சூடையையும் நறுக்கிப் போட்டு வளர்த்தால், ஏழை வாங்கும் மீனைக் கொடுத்து வசதியுள்ளவருக்கான மீனை எடுக்கிறோம் என்றே பொருள். ஒரு கிலோ வளர்ச்சிக்குப் பல கிலோ சிறுமீன் செலவாகிறது. மீன்தூளுக்கு ஈடாகச் சோயாவை வைக்கலாம். ஆனால் அதன் பாஸ்பரசில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டிருப்பதால் செரிக்காமல் கழிவாகி, உழவர் அஞ்சும் அதே படிவில்தான் சேரும். கோழித்தீவனத்தில் அந்தக் கட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி சேர்த்து இச்சிக்கலைப் பெருமளவு சமாளிக்கிறோம். கடல் விராலுக்கு எவ்வளவு தேவை, சூட்டில் தயாராகும் குருணையில் நொதி கெடாமல் இருக்க எப்போது தெளிப்பது என்பவை ஆய்வுக்குரியவை. கோபி, உடுமலைப் பக்கம் பட்டு நூற்ற பின் மிஞ்சும் கூட்டுப்புழுவும் புரதம் நிறைந்ததே. ஆகவே நம் முதல் பணம் கூண்டுக்கன்று, தீவன ஆய்வுக்கே போக வேண்டும்.

காவிரிக்கரை:
தீவன ஆய்வுக்குப் பணம் திரட்ட ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கடலில் சோதனைக் கூண்டு இல்லாமல் எந்தத் தீவனத்தையும் முழுமையாகச் சோதிக்க முடியாது. இரண்டும் ஒன்றாகவே நடக்கட்டும்.

நொய்யல் உழவன்:
சோதனைக் கூண்டு என்றால் நான் தடுக்கவில்லை. கூண்டை இறக்குவதற்கு முன்பே அடிமண்ணை எடுத்துச் சோதித்து, ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மீண்டும் சோதித்து, அந்த முடிவுகளை அங்குள்ள மீனவர்களிடம் தமிழில் கொடுக்க வேண்டும். மண் கெட்டிருந்தால் அந்த இடத்தைத் தரிசாக விட வேண்டும். இதற்கு எழுத்தில் உடன்படுவோர் பணம் போடட்டும்.