லேப்ல எடிட்டர் ப்ளகின் தானா அப்டேட் ஆகலாமா, கூடாதா?

திருமங்கலம்_ரோடு
வணக்கம். திருமங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல சிஎஸ் லேப் என் பொறுப்பு. எல்லா மெஷின்லயும் விண்டோஸ், கோடு எழுதுற எடிட்டரா விஎஸ் கோட். அதுல சி, பைத்தான், ஜாவா எக்ஸ்டென்ஷன்கள் (எடிட்டரோட ஒட்டிக்கிற ப்ளகின்), கூடவே கோடை ஒழுங்கா அடுக்குற ஒரு ஃபார்மட்டர். ஆட்டோ அப்டேட் எப்பவும் ஆன்லதான் இருக்கு, வந்தது அப்படித்தான்.

போன வாரம் மாடல் பிராக்டிகல். பேட்ச் உக்காந்து கொஞ்ச நேரத்துல அங்கங்க கை தூக்குறாங்க. "சார், சேவ் பண்ணா கோடு மாறுது." போய்ப் பாத்தா ஃபார்மட்டர் புது வெர்ஷனுக்குத் தாவியிருக்கு. கன்ட்ரோல் எஸ் அடிச்சதும் பையன் போட்ட ஒற்றை மேற்கோள் எல்லாம் இரட்டையாகுது, ஒரே வரியில இருந்த ஃபங்ஷன் கால் ஆறு வரியா உடையுது. பக்கத்து மெஷின்ல பழைய வெர்ஷன், அங்க ஒண்ணும் ஆகல. கோடு தப்பில்ல, ஓடுது. ஆனா பரீட்சை எழுதுற பிள்ளைக்கு கை நடுங்கிருச்சு. எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வந்து நிக்கிற அன்னைக்கு இது நடந்தா யாரு பதில் சொல்றது?

எங்க ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு கட்சி. மொத்தமா ஆஃப் பண்ணுங்கன்னு ஒண்ணு, ஆஃப் பண்ணா செக்யூரிட்டி போச்சுன்னு இன்னொண்ணு. எடிட்டரோட மல்லுக்கட்டுறவங்க சொல்லுங்க.

எழுகடல்_தெரு
ஆஃப் பண்ணுங்க சார், யோசிக்கவே வேணாம்.

செக்யூரிட்டின்னு பேசுற கட்சிகிட்ட ஒண்ணு கேளுங்க. விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்குத் தனிக் கூண்டு ஏதாச்சும் இருக்கா? கிடையாது. விஎஸ் கோட் எதையெல்லாம் தொடலாமோ அதையெல்லாம் எக்ஸ்டென்ஷனும் தொடலாம்: ஃபைல், நெட்வொர்க், சேவ் பண்ணி வச்ச லாகின் டோக்கன், எல்லாம். அப்படி ஒரு புரோகிராமை ஊர் பேர் தெரியாத ஒருத்தர் ராத்திரியோட ராத்திரி மாத்தி அனுப்ப, நம்ம மெஷின் கேள்வி கேக்காம வாங்கிப் போட்டுக்குது. இதுக்குப் பேரு பாதுகாப்பாம்.

2025 ஜூலையில அமேசான் கியூங்கிற ஏஐ எக்ஸ்டென்ஷன் கதை ஞாபகம் இருக்கா? வெளியாள் ஒருத்தன் அதோட கோடு இருக்கிற கிட்ஹப் ரெப்போவுக்குள்ள ஒரு ப்ராம்ப்டைச் சொருகிட்டான். மெஷினைத் துடைச்சுப் போடு, கிளவுட்ல இருக்கறதையும் அழின்னு ஏஐக்கு உத்தரவு. அது 1.84.0ன்னு அதிகாரபூர்வ வெர்ஷனாவே எக்ஸ்டென்ஷன் கிடைக்கிற மார்க்கெட்ப்ளேஸ்ல ஏறிருச்சு. அவன் எழுதின லட்சணத்துல அது ஓடல, அதனால தப்பிச்சோம். அமேசான் மாதிரி கம்பெனிக்கே இந்தக் கதின்னா, தனியாளு ஒருத்தர் ராத்திரி உக்காந்து எழுதுற ஃபார்மட்டரை என்னன்னு நம்புறது?

வடபழஞ்சி_ஷிஃப்ட்
பாதிக் கதையைச் சொல்லிட்டு நிறுத்திட்டீங்களே ப்ரோ. அதைச் சரி பண்ணி 1.85.0 விட்டாங்கள்ல, அது எந்த வழியில வந்துச்சு? அதே ஆட்டோ அப்டேட்ல. விஷமும் மருந்தும் ஒரே குழாய்லதான் வருது. குழாயை அடைச்சா, 1.84.0 உள்ள இருக்கிற மெஷின்ல அது அப்படியே உக்காந்திருக்கும்.

நான் இருக்கிற ஆபீஸ்ல பாத்தது: ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணினவங்க யாரும் திரும்ப வந்து பாக்குறதில்ல. "மாசம் ஒருக்கா நானே பண்ணுவேன்"னு சொல்வாங்க. அதெல்லாம் முதல் மாசத்தோட சரி. லேப்னா இன்னும் மோசம். இன்சார்ஜ் மாறுனா அவ்வளவுதான், அஞ்சு வருஷத்துக்கு முந்தின எக்ஸ்டென்ஷன் தூசி படிஞ்சு கிடக்கும்.

பழசா வச்சிருந்தா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு விம் எடிட்டர் உதாரணமே இருக்கு. 2019-ல மோட்லைன்ல ஓட்டை, அதாவது ஃபைலுக்குள்ளயே எடிட்டர் செட்டிங்கை எழுதி வைக்கிற வசதியில. ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தாலே போதும், அதுக்குள்ள ஒளிச்சு வச்ச கமாண்ட் ஓடும். ஃபைலை எடிட் கூடப் பண்ண வேணாம். 8.1.1365 பேட்ச்ல அடைச்சாங்க, விம்ல இருந்து பிரிஞ்ச நியோவிம்ல 0.3.6. அப்டேட் பண்ணாம வச்சிருந்தவன் கதி?

செல்லூர்_டெர்மினல்
மோட்லைனை ஆஃப் பண்ணி வச்சிருந்தவன் கதி நல்லாத்தேன் இருந்துச்சு தம்பி. விம்மோட செட்டிங் ஃபைல் விம்ஆர்சி, அதுல ஒரு வரி. டெபியன் லினக்ஸ்ல போடும்போதே அது ஆஃப்.

வடபழஞ்சி_ஷிஃப்ட்
அண்ணே, ஊர்ல எல்லாரும் உங்களை மாதிரி விம்ஆர்சி எழுதுறாங்களா?

செல்லூர்_டெர்மினல்
எழுதட்டும். 2016-ல விம் 8 வந்ததுல இருந்து ப்ளகினைப் பேக் ஃபோல்டருக்குள்ள ஸ்டார்ட்டுன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டா தானா ஏறிக்கும். ப்ளகின் மேனேஜரே வேணாம். கோடு மாற்றத்தைப் பதிவு வைக்கிற கிட்ல, என் ரெப்போவுக்குள்ள சப்மாட்யூலா வச்சிருக்கேன். எந்த ப்ளகின் எந்த கமிட்ல, அதாவது கோடோட எந்தப் பதிவுல நிக்குதுன்னு என் ரெப்போவுலயே எழுதியிருக்கும். நான் இழுத்தாத்தேன் வரும். அம்புட்டுத்தேன்.

ரெண்டாம்_வருஷம்
அண்ணா ஒரு டவுட். தானா இன்ஸ்டால் ஆகுறதும் தானா அப்டேட் ஆகுறதும் ஒண்ணா? நான் விம்-ப்ளக்ங்கிற ப்ளகின் மேனேஜர் வச்சிருக்கேன். புது மெஷின்ல விம்ஆர்சியை மட்டும் காப்பி பண்ணிட்டுத் திறந்தா, விம்-ப்ளக் இல்லைன்னா அதுவே கிட்ஹப்ல இருந்து இறக்கி எல்லா ப்ளகினையும் போட்டுக்குற மாதிரி நாலு வரி எழுதி வச்சிருக்கேன். ஹாஸ்டல் மெஷின், லேப் மெஷின், வீட்டு லேப்டாப் மூணுலயும் ஒரே செட்டப். இதுவும் ஆபத்தா?

எழுகடல்_தெரு
ரெண்டும் வேற வேற தம்பி, இங்க எல்லாரும் போட்டுக் குழப்புற இடமே இதுதான்.

தானா இன்ஸ்டால் ஆகுறது எனக்கும் வேணும். ஆனா எந்த வெர்ஷன் வருது? நீ எழுதின நாலு வரி, அன்னைக்கு எது கடைசியோ அதை இறக்கும். ஹாஸ்டல்ல திங்கக்கிழமை போட்டதும் வீட்டுல வெள்ளிக்கிழமை போட்டதும் ஒண்ணா இருக்காது. விம்-ப்ளக்ல ஒவ்வொரு ப்ளகினுக்கும் கமிட் எண்ணைக் கொடுக்கலாம். இல்லைன்னா ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்கலாம், அந்த ஸ்கிரிப்டை ஓட்டுனா எல்லாம் அன்னைக்கு இருந்த இடத்துக்கே போயிரும்.

நான் நியோவிம்ல லேஸிங்கிற ப்ளகின் மேனேஜர் வச்சிருக்கேன். அது ஒரு லாக் ஃபைல் எழுதும், ப்ளகின் பேரு, பிராஞ்ச், கமிட், ஒரு வரிக்கு ஒண்ணா. அதை கிட்ல போட்டுட்டேன். புது மெஷின்ல திறந்தா லாக்ல இருக்கற கமிட்தான் இறங்கும். புதுசு வந்திருக்கான்னு பாத்து மட்டும் சொல்ற செக்கரும் அதுல இருக்கு. சொல்லும், செய்யாது. எனக்கு வேணுங்கறது அதுதான்.

2025 மே மாசம் மேசன்ங்கிற நியோவிம் ப்ளகினோட 2.0 வந்தப்ப, ஓப்பன் பண்ணும்போதெல்லாம் அப்டேட் போடுற பசங்க கான்ஃபிக் எத்தனை உடைஞ்சுச்சு? செவப்பா எரரைக் கக்கிக்கிட்டு நின்னுச்சு. நான் வேலை முடிஞ்ச ஒரு ஞாயித்துக்கெழமை பைய மாத்திக்கிட்டேன்.

ரெண்டாம்_வருஷம்
அந்த செவப்பு எரர்ல நானும் இருந்தேன் அண்ணா 😭

உசிலை_ஹாட்ஸ்பாட்
செக்யூரிட்டி, கமிட்னு பேசுறீங்க அண்ணே, எங்க பக்கம் பிரச்சினையே வேற. உசிலம்பட்டி தாண்டி ஊருக்குள்ள இருக்கேன், வேர்ட்பிரஸ் வேலை எடுத்துச் செய்றேன். நெட்டுன்னா போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாள் டேட்டா 1.5 ஜிபி. காலையில ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணினதும் முதல்ல விஎஸ் கோட்தான் வாயைத் திறக்குது. நான் கிளையன்டுக்கு ஒரு மெயில் அனுப்புறதுக்குள்ள அது பாட்டுக்கு என்னென்னத்தையோ இறக்கிட்டிருக்கு. எனக்குத் தேவையே இல்லாத லாங்குவேஜ் பேக்குக்கும் சேத்துத்தான்.

செட்டிங்ஸ்ல ஆட்டோ அப்டேட், ஆட்டோ செக் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டேன். டவுனுக்குப் போறப்ப அக்கா வீட்டு வைஃபைல எல்லாத்தையும் ஒரே மூச்சுல போட்டுக்குவேன். எனக்கு இதுல கொள்கை எல்லாம் இல்ல, டேட்டா மிஞ்சுது, அவ்வளவுதான்.

வடபழஞ்சி_ஷிஃப்ட்
உங்க கேஸ் நியாயம் தங்கச்சி. அதுக்குக் கூட மொத்தமா அடைக்க வேண்டியதில்ல. ஆன்ல இருக்கற எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் அப்டேட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. தேவையில்லாததை டிசேபிள் பண்ணிட்டா அது இறங்காது.

எழுகடல் ப்ரோவுக்கு ஒரு கேள்வி. லாக் போட்டீங்க, சரி. மாத்தும்போது எதைப் பாத்து மாத்துறீங்க? ஒவ்வொரு ப்ளகினோட கோடையும் வரி வரியாப் படிப்பீங்களா?

எழுகடல்_தெரு
வரி வரியா இல்ல. ஆனா பாப்பேன். விம்-ப்ளக்ல அப்டேட் முடிஞ்சதும் டிஃப் கமாண்ட் போட்டா, ப்ளகின் பேருக்குக் கீழ வந்த கமிட் எல்லாம் ஒரு வரி ஒரு வரியா வரும். என்டர் தட்டினா என்ன மாறியிருக்குன்னு காட்டும். பிடிக்கலையா, எக்ஸ் அடிச்சா அந்த ஒண்ணு மட்டும் பழைய இடத்துக்குப் போயிரும். கலர் ஸ்கீம் ப்ளகின்ல திடீர்னு நெட்வொர்க் கால் வந்திருந்தா, அது கண்ணுல படாதா?

வடபழஞ்சி_ஷிஃப்ட்
படாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2025 அக்டோபர்ல ஓப்பன் விஎஸ்எக்ஸ்ங்கிற இன்னொரு எக்ஸ்டென்ஷன் தளத்துல க்ளாஸ்வோர்ம்னு ஒரு கெட்ட புரோகிராம் பரவுச்சு. கெட்ட கோடைக் கண்ணுக்கே தெரியாத யூனிகோடு எழுத்தா எழுதியிருந்தான். எடிட்டர்ல பாத்தா வெத்து வரி. நீங்க என்டர் தட்டி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தாலும் ஒண்ணும் இருக்காது. கண்ணுல பாத்துப் பாதுகாக்குற காலமெல்லாம் முடிஞ்சுது. கெட்டதுன்னு தெரிஞ்சா மைக்ரோசாஃப்டே மார்க்கெட்ப்ளேஸ்ல இருந்து தூக்கி, நம்ம மெஷின்ல இருந்தும் அன்இன்ஸ்டால் பண்ணிருது. அந்த வேலையை அவங்க பாக்கட்டும், நம்ம வேலையை நாம பாப்போம்.

எழுகடல்_தெரு
அவங்க பாத்த அழகைத்தான் 2025 பிப்ரவரியில பாத்தோமே. மெட்டீரியல் தீம்ங்கிற கலர் எக்ஸ்டென்ஷனை, லட்சக்கணக்கான பேர் போட்டிருந்ததை, சந்தேகம்னு தூக்குனாங்க. எல்லார் மெஷின்லயும் காணாமப் போச்சு. அடுத்த மாசமே தப்பா நினைச்சுட்டோம்னு மன்னிப்பு கேட்டு திரும்பச் சேத்தாங்க.

க்ளாஸ்வோர்ம் விஷயத்துல ஒத்துக்கிறேன், டிஃப் பாத்தா சிக்காது. ஆனா அது எப்படிப் பரவுச்சு? அந்த எக்ஸ்டென்ஷனை ஏற்கெனவே வச்சிருந்தவன் மெஷினுக்கு, அவன் ஒண்ணுமே பண்ணாம, ஆட்டோ அப்டேட்ல போச்சு. லாக் போட்டவனுக்குப் போகல. நான் நம்புறது என் கண்ணை இல்ல, காலத்தை. இந்த மாதிரி விஷயம் பெரும்பாலும் சில நாள்லயே வெளிய வந்துருது. ரெண்டு வாரம் பிந்தி எடுத்தா பாதிக்கு மேல தப்பிச்சுக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் இறக்குற பிஎன்பிஎம்ல 2025 செப்டம்பர்ல இதையே ஒரு செட்டிங்கா வச்சுட்டாங்க, வெளியாகி இவ்வளவு நேரம் ஆகாத பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணாதேன்னு.

வடபழஞ்சி_ஷிஃப்ட்
எல்லாரும் ரெண்டு வாரம் காத்துக்கிட்டிருந்தா மொதல்ல யாரு கண்டுபிடிக்கிறது? அடுத்தவன் மெஷின்ல வெடிக்கட்டும்னு உக்காந்திருக்கிறதா?

எழுகடல்_தெரு
கண்டுபிடிக்கிறது பாதிக்கப்பட்ட ஆளு இல்ல. க்ளாஸ்வோர்மைக் கண்டுபிடிச்சது ஒரு செக்யூரிட்டி கம்பெனி. அவங்களுக்குப் புதுசு வந்த அன்னைக்கே ஸ்கேன் பண்றதுதான் தொழில். என் லேப்டாப் அதுக்குப் பலியாகணும்னு அவசியம் இல்ல.

திருமங்கலம்_ரோடு
நிறைய விஷயம் வந்துருச்சு, எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். எங்க லேப் மெஷின்ல ரீஸ்டார்ட் பண்ணா பழைய நிலைக்கே போயிடற சாஃப்ட்வேர் போட்டிருக்கு. பசங்க என்ன பண்ணினாலும் மறுநாள் சுத்தமா இருக்கணும்னு.

செல்லூர்_டெர்மினல்
அட, அதை மொதல்ல சொல்லியிருக்கணும்! அப்ப உங்க மெஷின் தினமும் காலையில பழைய வெர்ஷனோடதேன் எந்திரிக்குது. எக்ஸ்டென்ஷன் எல்லாம் யூசர் ஃபோல்டர்லதேன் இருக்கு, அதுவும் சேந்து பழசாயிரும். வெள்ளன பசங்க வந்து திறந்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்துல அதே அப்டேட்டை மறுபடி இறக்கும். சாயங்காலம் ஆஃப் பண்ணா அதுவும் போச்சு. மறுநாள் மறுபடியும். எந்த மெஷின் மொதல்ல இறக்கி முடிக்குதோ அது புது வெர்ஷன், மத்தது பழசு. பரீட்சையில பக்கத்து பக்கத்து மெஷின் வேற வேற மாதிரி நடந்துக்கிட்டது இதனாலதேன்.

உங்களுக்கு ஆட்டோ அப்டேட் ஆன்ல இருந்தும் பாதுகாப்பு கிடையாது. ஆஃப் பண்றதால எதையும் இழக்கப் போறதில்ல.

திருமங்கலம்_ரோடு
காலையில லேப்ல நெட் படுத்துப் படுத்து எந்திரிக்கிறதுக்கும் இதுதான் காரணமா! நெட் கனெக்‌ஷன் குடுத்தவங்களைப் போன்ல திட்டிக்கிட்டிருந்தோம்.

வடபழஞ்சி_ஷிஃப்ட்
சரி சார், இந்த லேப்புக்கு நானும் ஆஃப்னே சொல்றேன். ஆனா என் கட்சி மாறல, சொந்த லேப்டாப்ல ஆன்தான் இருக்கணும்.

செய்யறதா இருந்தா முறையாச் செய்ங்க. தேவையான எக்ஸ்டென்ஷனோட விஎஸ்ஐஎக்ஸ் ஃபைலை (அதோட இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி லேப் சர்வர்ல வைங்க, அதுல இருந்து எல்லா மெஷினுக்கும் காப்பியாகுற மாஸ்டர் இமேஜ்ல போடுங்க. விஎஸ்ஐஎக்ஸ்ல போட்டா அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஆட்டோ அப்டேட் தானாவே ஆஃப் ஆயிரும். அதுக்கு மேல விஎஸ் கோட் 1.96-ல இருந்து அனுமதிச்ச எக்ஸ்டென்ஷன் பட்டியல்னு ஒரு பாலிசி இருக்கு. எந்த எக்ஸ்டென்ஷன், எந்த வெர்ஷன்னு நீங்களே எழுதி விண்டோஸ் குரூப் பாலிசியில தள்ளலாம். பையன் புதுசா ஏதாச்சும் ஏஐ எக்ஸ்டென்ஷன் போட்டா ஓடாது. பிராக்டிகலுக்கு அதுவும் நல்லதுதானே.

விஎஸ் கோடோட சொந்த அப்டேட்டையும் மறக்காம மேனுவலுக்கு மாத்துங்க. அது தனி செட்டிங்.

ரெண்டாம்_வருஷம்
சார் அந்த ஏஐ எக்ஸ்டென்ஷனைத் தடுக்குற ஐடியா வேணாம் சார் 🙏

உசிலை_ஹாட்ஸ்பாட்
நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இருந்தா அதையும் பாத்துக்கங்க சார். 2025-ல அதோட அப்டேட்டர் போற வழியையே மறிச்சு வேற ஃபைலைக் குடுத்த கூத்து நடந்துச்சு. இறக்கின ஃபைலோட கையெழுத்தைச் சரிபார்க்குற மாதிரி 8.8.9-ல மாத்திட்டாங்க. அதுக்கு முந்தினது இருந்தா, அதோட அப்டேட்டரை நம்பாம சைட்ல இருந்து நேரா இறக்கிப் போடுங்க.

திருமங்கலம்_ரோடு
குறிச்சுக்கிட்டேன். செமஸ்டர் ஆரம்பத்துல ஒருக்கா, நடுவுல இன்டெர்னல் முடிஞ்சு ஒருக்கா மாஸ்டர் இமேஜைப் புதுப்பிக்கிறதா எச்ஓடிகிட்ட எழுதிக் குடுக்கப் போறேன். இடையில பெரிய ஓட்டைன்னு செய்தி வந்தா அன்னைக்கே.

வடபழஞ்சி_ஷிஃப்ட்
அந்தச் செய்தியை யாரு பாத்து உங்களுக்குச் சொல்றதுன்னும் அந்த லெட்டர்லயே எழுதிருங்க சார். ஆள் பேரோட.

எழுகடல்_தெரு
இதுல ஷிஃப்ட் ப்ரோ சொல்றது சரி. ஆள் பேரு வேணும். ஃபார்மட்டரை மட்டும் இமேஜ்ல சேவ் பண்ணும்போது ஓடாதபடி வைங்க சார், வேணும்ங்கிற பையன் கையால ஓட்டிக்கட்டும்.