வளவு வீட்டுப் பங்காளிகள்: வாட்ஸ்அப் குழு

சிகப்பி ஆச்சி: மெய்யப்பா, பட்டாலையில வச்ச கம்ப்யூட்டரைப் போட்டா டிவி முழுக்கக் கறுப்புல வெள்ளை எழுத்தா ஓடுது. எவனோ பேங்குப் பணத்தை எடுக்கிறான்னு ஆத்தா பயந்துபோய் உக்காந்திருக்காக. நாளைக்கு வீட்டுல சாந்தி விசேஷம்!

சோலை: வைரஸ்

மெய்யப்பன்: வைரஸ் இல்ல ஆச்சி. அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ் சிஸ்டம் எந்திரிக்கும்போது டிஸ்க், யுஎஸ்பி எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வரி வரியா எழுதும். ஒவ்வொரு வரிக்கும் 0லேர்ந்து 7 வரை ஒரு நம்பர். 0ன்னா சிஸ்டமே போச்சு, 3 எரர், 4 எச்சரிக்கை, 6 சும்மா தகவல், 7 புரோகிராம் எழுதுறவனுக்கான வளவளப்பு. எதுவரை காட்டணும்ங்கிற லாக்லெவலை 4ன்னு வச்சா 4க்குக் கீழ உள்ளது மட்டும் திரைக்கு வரும். மத்தது அழியாது, டிமெசேஜ்ங்கிற கமாண்டைப் போட்டா பார்க்கலாம்

லெட்சுமணன்: யாருக்குப்பா இவ்வளவும்

உமையாள்: சிகப்பி ஆச்சி எப்பவும் 7 😂

சிகப்பி ஆச்சி: உங்க வீட்டு விசேஷத்துல மைக்கை விடாதது யாருன்னு ஊருக்கே தெரியும்

தேவகோட்டை அம்மான்: கந்தரப்பம் எத்தனை இலைக்கு? சமையக்காரர் நிக்கிறார்

லெட்சுமணன்: 250

வள்ளி: 300 சொல்லுங்கம்மான். பள்ளத்தூர்க்காரவுக வேன் வச்சு வர்றாக

சோலை: அவுகளுக்குச் சொல்லியாச்சா?

லெட்சுமணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மெய்யப்பன்: ஆச்சி, போட்டதும் ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடிங்க. பட்டியல் வந்ததும் இங்கிலீஷ் 'e' தட்டி, லினக்ஸ்னு தொடங்குற வரிக் கடைசியில இடம் விட்டு குயட்னு இங்கிலீஷ்ல அடிச்சு எஃப்10. அந்தத் தடவைக்கு மட்டும்தான். நிரந்தரமா வேணும்னா அந்தப் பட்டியலைக் காட்டுற க்ரப்போட ஃபைல்ல எழுதி அப்டேட் க்ரப் ஓட்டணும். வழக்கமா குயட் இருக்கும், யாரோ எடுத்திருக்காக

சோலை: என்னையப் பாக்காதீக

சிகப்பி ஆச்சி: எனக்கு ஏலாது. டிவிய அமத்தி வச்சு, எழுத்து நின்னப்புறம் போட்டா ஆகாதா?

மெய்யப்பன்: ஆகும்

வள்ளி: நான் குயட் அடிச்சுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் போச்சு, ஒரு வரி மட்டும் நிக்குது. எஸ்டிஏ, ஐ/ஓ எரர்

மெய்யப்பன்: அது 3. குயட்டுன்னா லாக்லெவல் 4, அதனால இது வரத்தான் செய்யும். டிஸ்க்கைப் படிக்க முடியலன்னு அர்த்தம். ஐயாவோட ரங்கூன் போட்டோ அதுலதான் இருக்கு. மொதல்ல பென்டிரைவ்ல எடு, மத்தது அப்புறம்

உமையாள்: வேற காப்பி இல்லையா???

லெட்சுமணன்: ஸ்கேன் பண்ணப்பவே ஆளுக்கு ஒண்ணு கேட்டேன். எங்க பங்குக்கு மட்டும் வரல

சோலை: ஆரம்பிச்சாச்சு

சிகப்பி ஆச்சி: கரண்டு பில்லுல உங்க பங்கு வந்துச்சா லெட்சுமணா?

தேவகோட்டை அம்மான்: 250ஆ 300ஆ?

வள்ளி: பாதிதான் ஏறிச்சு, பென்டிரைவ் நிறைஞ்சிருச்சு. காரைக்குடிலேர்ந்து வர்றவுக பெருசா ஒண்ணு வாங்கியாங்க

சோலை: நான் வர்றேன். காசு எந்தப் பங்கு?