மாடி ஷீட்டின் கட்டருக்கு வலை போடலாமா? பக்கத்தில் வேப்பமரம் இருக்கிறது

நங்கநல்லூர்_வாசி

எல்லோருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் தனி வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். வெயில் கீழே இறங்காமல் இருக்க மொட்டை மாடியில் 600 சதுர அடிக்குக் கலர் ஷீட் போட்டிருக்கிறோம். இரண்டு பக்கச் சரிவு, இரண்டு ஓரத்திலும் மழைநீர் வடியத் தகரக் கட்டர் (ஓரக் கால்வாய்), சேர்த்தால் 60 அடி வரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு 3 அங்குல பிவிசி குழாய் இறங்கி, வடிகட்டும் தொட்டி வழியாகப் பின்கட்டில் இருக்கும் கிணற்றுக்குப் போகிறது.

பிரச்சினை மரம்தான். கிழக்கே எங்கள் வேப்பமரம், மேற்கே பக்கத்து வீட்டுப் பாதாம் மரம். போன கார்த்திகையில் பெய்த பெருமழையில் கிழக்குப் பக்கக் கட்டர் நிரம்பி வழிந்து தண்ணீர் சுவரோடு இறங்கி, படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். இதுவரை அப்பாதான் ஏணி போட்டு அள்ளிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், இனி அவரை ஏறவிட மாட்டேன், நானும் வாரத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. ஆள் கூப்பிட்டால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் கேட்கிறார், மழை எச்சரிக்கை வந்த அன்று போனையே எடுப்பதில்லை.

கட்டருக்கு வலை போடுகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நெருக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, அடிக்கு 250, மொத்தம் 15,000, பத்து வருஷத்துக்குத் தொடவே வேண்டாம் என்கிறார். இது உண்மையாகவே பிரயோஜனப்படுமா, இல்லை இந்தப் பணத்துக்கு ஆள் வைத்துச் சுத்தம் செய்வதே மேலா? சென்னை மழையில் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_கூரைப்பட்டறை

சார், இதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பத்து வருஷம் தொடவே வேண்டாம் என்று சொல்கிறவரிடம் முதலில் உங்கள் வேப்பமரத்தைக் காட்டுங்கள். மாசி, பங்குனியில் இலை கொட்டும், பின்னாலேயே சித்திரையை ஒட்டிப் பூ, ஆனி ஆடியில் பழம். இலையின் காம்பு ஊசி மாதிரி வலைக் கண்ணில் நட்டுக்கொண்டு நிற்கும். பூ பொடிப்பொடியாக விழுந்து பனியில் நனைந்து, ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து வலை மேல் ஒரு அடை கட்டிவிடும். பழம் விழுந்து காய்ந்தால் கொட்டை அங்கேயே முளைக்கும். காக்கை எச்சத்தில் வரும் ஆல், அரசு விதைகள் வேறு.

நெருக்கமான வலை எந்த ஊருக்கு நல்லது என்றால், மழை அடிக்கடி சிறிது சிறிதாகப் பெய்து கழுவிவிட்டுப் போகிற ஊருக்கு. நமக்கு அப்படி இல்லை. வருஷத்தில் பெய்கிற ஏறக்குறைய 1,400 மி.மீ.யில் பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அடை கட்டின வலை மேல் அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால் உள்ளே இறங்க நேரமில்லாமல் அப்படியே தாண்டிக் கீழே விழும். கட்டர் உள்ளே காலியாக இருக்கும், சுவர் நனையும், உங்களுக்குக் காரணமே புரியாது.

ஆனால் உங்கள் வீட்டில் தண்ணீர் வழிந்தது இலையால் மட்டும்தானா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரு பக்கச் சரிவு 300 சதுர அடி, கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர். 3 அங்குலக் குழாய் ஒன்று, மணிக்கு 50 மி.மீ. மழையில் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். மழை 75 மி.மீ. ஆனால் 27தான், 100 ஆனால் 20க்கு வந்துவிடும். பெருமழையில் அது சுத்தமாக இருந்தாலே எல்லையில் நிற்கிற குழாய், அதன் வாயில் நாலு இலை உட்கார்ந்தால் போதும். 4 அங்குலமாக மாற்றினால் இரண்டு மடங்கு வாங்கும். அப்புறம் கட்டரின் வாட்டம். ஒரு வாளித் தண்ணீரைக் குழாய்க்கு எதிர் முனையில் ஊற்றிப் பாருங்கள். நடுவில் தேங்கினால் கிளாம்ப் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், 10 அடிக்கு அரை அங்குலமாவது சாய்வு வேண்டும். இவை இரண்டையும் பார்க்காமல் வலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பெசன்ட்நகர்_காற்று

கையெட்டும் உயரத்தில் கட்டர் இருந்தால் வலையே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. உங்களுக்கு மொட்டை மாடியில் நின்றால் எட்டுமா, இல்லை கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்குகிறதா? எழுதவில்லையே. முடிவே அதில்தான் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்காக இன்னொன்று. துத்தநாகப் பூச்சுள்ள தகரக் கட்டரின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைப் போட்டால், உப்புக் காற்றில் ஈரம் படும்போது இரண்டு உலோகமும் தொடுகிற இடத்தில் துத்தநாகம்தான் முதலில் கரையும், அப்புறம் அடியில் இருக்கும் இரும்பு. வலை பளபளவென்று இருக்கும், கட்டர் ஓட்டையாகும். விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, எனக்குக் கோபமே வருகிறது. தகரக் கட்டருக்கு அலுமினிய வலைதான் சரி. நங்கநல்லூருக்குக் கடல் சற்று தூரம், வேகம் குறைவாக இருக்கும், ஆனால் அரிப்பு இல்லாமல் போகாது. பிவிசி கட்டராக இருந்தால் இந்தக் கவலை கிடையாது. பிளாஸ்டிக் வலை மலிவு என்று போகாதீர்கள், நம்ம சித்திரை வெயில் இரண்டு மூன்று தடவை பட்டால் கையில் பிடித்ததும் பொடிகிறது, அந்தத் துண்டுகளே குழாயை அடைக்கும்.

ஸ்பாஞ்சுக் கட்டையைக் கட்டருக்குள் திணிக்கிற ஒரு வகையும் விற்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள், புழுதியையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு செடி வளர்க்கும்.

மயிலாப்பூர்_கிணறு

தம்பி, மேலே இரண்டு பேரும் சுவரைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் தண்ணீர் கிணற்றுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 600 சதுர அடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 5,500 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு சின்ன லாரித் தண்ணீர். 2019 கோடையில் லாரிக்காக எங்கள் தெருவே குடத்தோடு நின்றதைப் பார்த்தவள் நான். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது எல்லோரும் குழாய் வைத்தோம், ஆனால் அந்தக் குழாய்க்குள் இன்று தண்ணீர் போகிறதா என்று எத்தனை வீட்டில் பார்க்கிறோம்? பல இடத்தில் இலையும் மண்ணும் அடைத்து, தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடுகிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

கட்டரில் இலை விழுந்து ஊறினால் அழுகின கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் தொட்டிக்கு வரும். ஜல்லிக்கும் மணலுக்கும் மேலே அது சேறாகப் படிந்து, கடைசியில் தொட்டி தண்ணீரை உறிஞ்சாமல் நிற்கும். அந்த வகையில் வலை உதவும், இலை மேலேயே காய்ந்து காற்றில் பறந்துவிட்டால் தண்ணீர் தெளிவாக வரும். ஆனால் வலை இருக்கிறதே என்று முதல் மழையைக் கிணற்றில் விடக்கூடாது. ஐந்தாறு மாதத்துப் புழுதி, காக்கை எச்சம் எல்லாம் அதில்தான் வரும். குழாய் கீழே இறங்குகிற இடத்தில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வைத்து, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த வலையும் பாதி வேலைதான் செய்யும்.

கொசுவையும் யோசியுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, இப்படித் தேங்கும் மழைத்தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். வாட்டம் சரியில்லாத கட்டருக்கு மேலே வலை போட்டால் தேங்கி நிற்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இலைக்கான வலைக் கண்ணில் கொசு சாதாரணமாக உள்ளே போகும்.

மடிப்பாக்கம்_மாடி

பாதாம் மரக் கிளையைக் கழிக்கச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததே? அதன் இலை உள்ளங்கையை விடப் பெரிசு, ஒரே இலை குழாய் வாயை மூடிவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மழைக்கு முன்னாடியே நல்லபடியாகப் பேசிப் பாருங்கள். வேப்பமரத்தில் கை வைக்காதீர்கள், அந்த நிழல் எந்த ஷீட்டும் தராது.

அம்பத்தூர்_கூரைப்பட்டறை

பாதாம் பக்கம் இன்னும் சுலபம் சார். பெரிய இலை கட்டருக்குள் விழுந்தாலும் கீழே இறங்காது, குழாய் வாயில் மட்டும் குவிமாடம் மாதிரி எழும்பி நிற்கும் ஜாலி (சல்லடை மூடி) ஒன்று வைத்தால் போதும். தட்டையான ஜாலி வேண்டாம், ஒரு இலை படுத்தாலே மூடிவிடும், எழும்பி நிற்பது என்றால் பக்கவாட்டில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் 30 அடிக்கு வலை போடச் சொல்வது என் கணக்கில் வீண் செலவு. உங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரமோ மயில்கொன்றையோ இருந்தால் அது வேறு கதை, அந்தப் பொடி இலைக்கு எந்த வலையும் நிற்காது.

நங்கநல்லூர்_வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் நடுவில் ஓர் அங்குலம் தேங்கி அப்படியே நிற்கிறது, மேற்குப் பக்கம் ஒழுங்காக வடிகிறது. @பெசன்ட்நகர்_காற்று, மேற்குக் கட்டர் மாடியில் ஸ்டூல் போட்டால் எட்டும். கிழக்குதான் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்குகிறது, தரையிலிருந்து ஏணி வைத்தால்தான் போக முடியும், போதாததற்கு அந்தப் பக்கம்தான் ஈபி கம்பி வீட்டுக்குள் வருகிறது. அலுமினிய ஏணியோடு அங்கே யாரும் ஏறுவதை என்னால் யோசிக்கவே முடியவில்லை. அப்பா இத்தனை வருஷம் அங்கே ஏறினார் என்பதே இப்போது பகீர் என்கிறது.

அதனால் கிழக்குப் பக்கம் மட்டும் வலை போடுவதாக இருக்கிறேன். மேற்கில் ஜாலி மட்டும். ஆனால் கிழக்கிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அள்ளவேண்டி வருமே, அதை ஏணி இல்லாமல் செய்ய வழி உண்டா? வலைக் கண் எவ்வளவு இருக்க வேண்டும்? ஷீட்டில் ஸ்க்ரூ அடித்து மாட்டுவதாக அந்த ஆள் சொன்னார், அது சரியா?

பெசன்ட்நகர்_காற்று

நீங்கள் சொல்கிற மாதிரி எட்டாத இடம், கீழே ஈபி கம்பி என்றால் வலைக்குச் செலவழிப்பது நியாயம்தான், மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எழுபது வயதுக்காரரின் இடுப்பெலும்புக்கு முன்னால் 250 ரூபாய் ஒரு விலையே இல்லை.

அம்பத்தூர்_கூரைப்பட்டறை

ஷீட்டில் ஸ்க்ரூ அடிக்க விடாதீர்கள் சார். ஒவ்வொரு ஓட்டையும் நாளைக்கு ஒரு ஒழுகல், ஷீட் போட்ட கம்பெனி வாரண்டி தந்திருந்தால் அதற்கும் சண்டை வரும். வலையின் ஒரு விளிம்பு ஷீட்டுக்கு அடியில் சும்மா நுழைந்திருக்க வேண்டும், மறு விளிம்பைக் கட்டரின் வெளி உதட்டில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். வலையும் வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கட்டும், அப்போதுதான் காய்ந்த இலை காற்றில் வழுக்கி விழும்.

கண் 4, 5 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டை போட்ட அலுமினியத் தகடு கேளுங்கள். பூவும் புழுதியும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், போகட்டும், வாட்டமும் 4 அங்குலக் குழாயும் இருந்தால் மழையே அதை அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் தடுக்க வேண்டியது இலையும் காம்பும் கொட்டையும்தான். பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் தகடு வாங்கி வேலையை மட்டும் ஆளிடம் கொடுத்தால் செலவு குறையும். 3 அடித் துண்டுகளாக, கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். நீளமாக ஒரே துண்டாகப் போட்டு ரிவெட் அடித்துவிட்டால் நாளைக்குத் திறக்கவே முடியாது.

ஏணி இல்லாமல் என்றால், மாடியில் நின்றபடி கைப்பிடிச் சுவருக்கு மேலாக நீளக் கைப்பிடியுள்ள நைலான் பிரஷ்ஷால் வலையைத் தள்ளிவிடலாம். மூங்கிலோ பிளாஸ்டிக்கோ கைப்பிடியாக இருக்கட்டும், இரும்பு, அலுமினியம் வேண்டாம், கம்பி இருக்கிற பக்கம். வைகாசியில் பூ ஓய்ந்ததும் ஒரு தடவை, புரட்டாசி முடிவதற்குள் ஒரு தடவை. குழாய் மாற்றும்போது மாடி மட்டத்தில் ஒரு டோர் டீயும் (திறக்கும் கதவுள்ள இணைப்பு) தரைக்கு மேலே இன்னொன்றும் வைக்கச் சொல்லுங்கள், உள்ளே அடைத்தால் கதவைத் திறந்து கம்பி விட்டுக் குத்திவிடலாம்.

வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் நிற்காது. 2016 டிசம்பரில் ஒரே பகலில் ஊர் மரத்து இலையெல்லாம் கூரைக்கு வந்தது, வலை போட்ட வீடு போடாத வீடு எல்லாம் ஒன்றுதான். புயல் ஓய்ந்த மறுநாள் ஆளை வைத்துக் கழற்றிக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பை ஷீட்டின் உச்சியில் பிடித்து நல்ல வேகத்தில் விடச் சொல்லுங்கள். தண்ணீர் வலையைத் தாண்டிக் குதித்தால், உங்கள் கண் முன்னாடியே கிளிப்பை வளைத்துச் சரி செய்துவிட்டுப் போகட்டும்.