மருந்தடிக்கும் மெஷின் எஞ்சினைச் சைக்கிளில் மாட்டலாமா?

மணப்பாறையான்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பாவுக்கு 61 வயது. வீட்டிலிருந்து தோட்டம் 6 கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு. இன்னும் தன் 28 இன்ச் சைக்கிளில்தான் போய் வருகிறார். முழங்கால் இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை, லைசென்ஸும் கிடையாது.

வீட்டில் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் ஒன்று சும்மா கிடக்கிறது. மருந்து டேங்க் விரிசல் விட்டுவிட்டது, ஆனால் எஞ்சின் கயிற்றை இழுத்தவுடன் பிடித்துக்கொள்கிறது. டூ ஸ்ட்ரோக், 40 சி.சி.க்குக் கொஞ்சம் மேல். அதைக் கழற்றிச் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேல் மாட்டலாமா? கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது.

கோவை லேத்துக்காரன்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. அந்த அளவு எஞ்சின் 6,500 சுற்றில் ஒன்றேகால் கிலோவாட் வரை தரும். மனுஷன் நிதானமாக மிதித்தால் நூறு வாட் கிடைக்கும். பலம் போதுமா என்ற கேள்வியே இல்லை.

சிக்கல் சுற்றுகளில் இருக்கிறது. 28 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். 25 கி.மீ. வேகத்துக்கு நிமிஷத்துக்கு 190 சுற்று போதும். எஞ்சின் போடுவது 6,500. அதாவது 34ல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். செயினில் குறைப்பதானால் நடுவில் ஒரு ஷாஃப்ட், இரண்டு பேரிங், நான்கு ஸ்ப்ராக்கெட் என்று செலவு ஏறிவிடும். சுலபமான வழி உருளை. எஞ்சின் ஷாஃப்டில் ஒரு இரும்பு உருளையை மாட்டி டயர் மேல் அழுத்தினால் வேலை முடிந்தது. பிரான்சில் 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ் இப்படித்தான் ஓடியது. முன்சக்கரத்தின் மேல் எஞ்சின், டயரை உரசும் உருளை, வேண்டாதபோது தூக்கிவிட ஒரு லீவர்.

உங்களுக்கும் அந்த லீவர் கட்டாயம் வேண்டும். புல் வெட்டும் மெஷினில் கிளட்ச் இருக்கும், வேகம் குறைந்தால் தானாக விட்டுவிடும். ஸ்பிரேயரில் விசிறி நேராக கிராங்க் ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கும், கிளட்ச் கிடையாது. இன்னொன்று, சில மாடல்களில் அந்த விசிறிக் காற்றுதான் எஞ்சினையும் குளிர்விக்கிறது. விசிறியைக் கழற்றும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் சைக்கிள் கடை:
மன்னிக்கணும், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தச் சைக்கிளில் பிரேக் என்ன? கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டால் இழுக்கிற பிரேக், இரும்பு ரிம், ரப்பர் கட்டை. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அந்தக் கட்டை பிடிப்பதற்கு முன் சைக்கிள் பாதித் தெரு போய்விடும்.

மிதித்துப் போகும் வேகம் 15 கி.மீ. பிரேக் நல்ல நிலையில் இருந்தால் நாலைந்து மீட்டரில் நிற்கும். 30 கி.மீ.யில் அதே பிரேக்குக்கு 17 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. கை பிரேக்குக்குப் போவதற்குள் ஓடும் 8 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. 61 வயதுக்காரர், குறுக்கே ஆடு வந்தால் என்ன செய்வார்?

இப்படி எஞ்சின் வைத்த சைக்கிள் ஒன்று என் கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. முன்பக்கம் ஏதோ சத்தம் என்றார் கொண்டு வந்தவர். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்தில், மட்கார்ட் போல்ட் போகும் துளைக்குப் பக்கத்தில் பெயிண்ட் முடி அளவுக்குப் பிளந்திருந்தது. துணியால் துடைத்தால் செம்பழுப்பாகத் துரு ஒட்டியது. மட்கார்டைக் கழற்றினால் விரிசல் பாதிச் சுற்று ஓடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் முன்சக்கரம் தனியாகப் போயிருக்கும். எஞ்சின் அதிர்வு, கூடுதல் வேகம், பள்ளம் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தில்தான் விழும். சைக்கிள் ஃபோர்க்கை யாரும் அதற்காகச் செய்யவில்லை.

கோவை லேத்துக்காரன்:
அண்ணே, ஃபோர்க் விஷயம் சரி. ஆனால் 30 கி.மீ. என்று யார் சொன்னார்கள்? வேகத்தை உருளையின் விட்டம்தான் தீர்மானிக்கும். 30 மில்லிமீட்டர் உருளை போட்டால் 6,500 சுற்றில் கிட்டத்தட்ட 37 கி.மீ. போகும். 22 மில்லிமீட்டர் போட்டால் அதே சுற்றில் 27தான்.

பிரேக்கையும் மாற்றலாம். காயலான் கடையில் பழைய மொபெட்டின் முன் ஃபோர்க், டிரம் பிரேக்கோடு சக்கரம் கிடைக்கும்.

இதெல்லாம் ஏதோ கிறுக்கு வேலை என்று நினைக்காதீர்கள். 1946இல் ஜப்பானின் ஹமமாட்சுவில் சோய்ச்சிரோ ஹோண்டா தொடங்கியதே இப்படித்தான். ராணுவ வயர்லெஸ் செட்டுக்குக் கரண்ட் கொடுத்த சின்ன ஜெனரேட்டர் எஞ்சின்கள் போர் முடிந்ததும் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் மாட்டி விற்றார். முதலில் பெட்ரோல் டேங்காக வைத்தது படுக்கையைச் சூடாக்குகிற வெந்நீர்க் குடுவையை. அந்த எஞ்சின்கள் தீர்ந்த பிறகுதான் 1947இல் சொந்த எஞ்சின் செய்தார். கைத்தொழில் தெரிந்தவன் கையில் இருப்பதை வைத்து வண்டி செய்வதில் என்ன தப்பு?

திண்டுக்கல் சைக்கிள் கடை:
மொபெட் ஃபோர்க், மொபெட் சக்கரம், மொபெட் பிரேக் எல்லாம் வாங்கி மாட்டுவதற்கு மொபெட்டையே வாங்கிவிடலாமே தம்பி? 1980இல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து நம் ஊர் விவசாயிக்கு அதுதானே வண்டி. ஆர்.சி.யோடு பழைய எக்ஸ்.எல். கிடைக்கும். கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து வாங்கட்டும்.

உருளை பற்றி ஒன்று. மழை நாளில் ஈரமான டயரில் அது வழுக்கும். மண் ரோட்டில் டயரில் ஒட்டிய மணலோடு சேர்த்து ரப்பரை அரைத்துவிடும். விட்டம் சின்னதாக ஆக ஆக அரைப்பு கூடும். டயர் மாற்றும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோவை லேத்துக்காரன்:
வழுக்குவதில் ஒரு நன்மையும் உண்டு அண்ணே. 2டி ஆயில் கலக்காமல் யாராவது வெறும் பெட்ரோல் ஊற்றி பிஸ்டன் இறுகிவிட்டால், செயின் வண்டியில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உருளை என்றால் டயர் வழுக்கிப் போய்விடும், ஆள் விழமாட்டார். டயர் தேயும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

கோர்ட் வாசல்:
சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28). நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, எஞ்சின் 25 சி.சி.க்கு மேற்படாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. 25ஐத் தாண்டினால் அது முழு மோட்டார் வாகனம்.

மணப்பாறைத் தம்பியின் எஞ்சின் 40க்கு மேல். அதைச் சைக்கிளில் மாட்டிச் சாலையில் இறக்கினால் பதிவில்லாத வண்டி, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் என்று மூன்று குற்றம். வீட்டில் செய்த வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். அனுமதி பெற்ற மாடலாக இருந்தால்தான் பதிவு.

வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கும் பிரிவு 52ஐ இந்த மாதிரி இடத்தில் பலர் இழுக்கிறார்கள். அது ஏற்கெனவே பதிவான வண்டிக்கு. சைக்கிளுக்கு ஆர்.சி.யே கிடையாது, அதனால் அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது.

காயலான் கடையில் மொபெட் எஞ்சின் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். எஞ்சின் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். ரசீது கேளுங்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் என்றால் கடைசியில் கையில் வைத்திருப்பவர்தான் ஸ்டேஷனுக்கு அலைவார்.

கோவை லேத்துக்காரன்:
தோட்டத்துப் பாதையில் போகிற பெரியவரை யார் சார் பிடிக்கப்போகிறார்கள்?

கோர்ட் வாசல்:
போலீஸ் பிடிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வழியில் ஒரு குழந்தை மேல் மோதினால்? இன்சூரன்ஸ் இல்லை என்றால் நஷ்ட ஈடு முழுக்க அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். தோட்டத்தை விற்க வேண்டி வரும். 25 சி.சி.க்குள் இருந்தாலும் அஜாக்கிரதையாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 281 பாயும், அந்தப் பிரிவு எந்த வாகனத்துக்கும் பொருந்தும். சின்ன எஞ்சின் என்பதால் பொறுப்பு சின்னதாகிவிடாது.

வலிகாமம் ரவி:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு எங்களுக்குப் பெற்றோல் கண்ணில் காட்டவில்லை. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை, பிளக்கில் கரி, அடிக்கடி கழற்றித் துடைக்க வேணும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது.

கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பதை நான் மதிக்கிறேன், அதிலேயே வளர்ந்தவன். ஆனால் அப்போதும் நாங்கள் மாற்றியது எரிபொருளைத்தான். வண்டியின் சட்டகமும் பிரேக்கும் கம்பனி செய்தது அப்படியே இருந்தது. தம்பி செய்யப்போவது நேர்மாறு. நல்ல எஞ்சினை எடுத்து அதற்கு ஏற்காத உடம்பில் வைக்கிறார். கடைக்கார அண்ணையின் பயம் நியாயம்.

பேட்டரி பிரியன்:
ஏன் இவ்வளவு கஷ்டம்? சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார், 250 வாட் ரகத்தில் ஒன்று போடுங்கள். மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குக் கீழ், வேகம் 25 கி.மீ.க்குக் கீழ் என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சரிபார்த்திருந்தால் மத்திய மோட்டார் வாகன விதி 2(u)படி அதுவும் மோட்டார் வாகனம் இல்லை. ஆகவே 250 வாட்டுக்கு ஒரு படி குறைவாக எழுதிய மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் 360 வாட் மணி இருக்கிறது. மிதிக்காமலே போனாலும் கிலோமீட்டருக்கு 15 வாட் மணிக்குள்தான் செலவாகும். போக வர 12 கி.மீ.க்கு 180. பாதி பேட்டரி மிச்சம். சத்தம் இல்லை, புகை இல்லை, முழங்காலுக்கும் நல்லது.

மணப்பாறையான்:
அண்ணே, விசாரித்தேன். பேட்டரி மட்டுமே என் 5,000ஐத் தாண்டுகிறது. எக்ஸ்.எல். வாங்கினாலும் அப்பா லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். கோர்ட் வாசல் சார் சொன்ன 25 சி.சி. வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஒன்று, தண்டு வளைந்து கிடக்கிறது, எஞ்சின் ஓடுகிறது. மேலே 1இ34எஃப் என்று இருக்கிறது. கொடுப்பவர் 25 சி.சி.தான் என்கிறார். கிளட்சும் இருக்கிறது. அது மேட்டில் இழுக்குமா?

கோவை லேத்துக்காரன்:
இழுக்கும். ஆளும் சைக்கிளும் 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் மேட்டில் 15 கி.மீ. வேகத்துக்கு 250 வாட் போதும். 25 சி.சி. எஞ்சின் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரும். ஃப்ரேமில் வெல்டிங் மட்டும் வைக்காதீர்கள். சைக்கிள் டியூப் மெல்லியது, ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழும். விழாவிட்டாலும் பற்றவைத்த ஓரத்தில்தான் பின்னால் முறியும். தகட்டில் கிளாம்ப் செய்து, நைலான் வளையம் வைத்த நட்டுப் போட்டு இறுக்குங்கள். சாதா நட்டு அதிர்வில் கழன்றுவிடும்.

கோர்ட் வாசல்:
கொஞ்சம் நில்லுங்கள். 1இ34எஃப் என்பதில் 34 என்பது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். வழக்கமாக அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 28 மி.மீ. கணக்குப் போட்டால் 25.4 சி.சி. வருகிறது. சட்டத்தில் எழுதியிருப்பது 25. அரைப் புள்ளிதானே என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. ஹோண்டா ஜி.எக்ஸ்.25 மாதிரி 35 மி.மீ. போர், 26 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின் 25.0. அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கலக்கும் வேலை இல்லை. பழையது கிடைக்கும்வரை காத்திருங்கள்.

திண்டுக்கல் சைக்கிள் கடை:
செய்தே தீருவேன் என்றால் இதைக் கேளுங்கள். 22 மில்லிமீட்டருக்கு மேல் உருளை போடாதீர்கள். முன்சக்கரத்தில் இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம், கேபிள் பிரேக் போடுங்கள். மழையிலும் பிடிக்கும். ஃபோர்க்கைப் புதிதாக வாங்குங்கள், பழையதை நம்பாதீர்கள். வாரம் ஒருமுறை மட்கார்டைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்துப் பாருங்கள். 5,000இல் பாதியை இதற்கு ஒதுக்குங்கள், எஞ்சினுக்கு மிஞ்சியது. இதில் எதையாவது விடுவதாக இருந்தால் அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம். நான் இன்னும் மொபெட் பக்கம்தான்.

மணப்பாறையான்:
பிரேக்கும் ஃபோர்க்கும் முதலில் மாற்றிவிடுகிறேன் அண்ணே, எஞ்சின் அப்புறம். போர், ஸ்ட்ரோக் இரண்டையும் எஞ்சினைப் பிரிக்காமல் அளக்க முடியுமா? கடையில் சொல்வதை நம்ப மனசில்லை.

கோவை லேத்துக்காரன்:
ஸ்ட்ரோக்கை அளக்கலாம், பிளக் துளை நேராக மேலே இருக்கிற எஞ்சினில். பிளக்கைக் கழற்றி, நுனி மழுங்கிய மூங்கில் குச்சியைப் பிஸ்டன் மேல் நிற்கிற மாதிரி விடுங்கள். கயிற்றைக் கையால் மெதுவாக இழுத்து, குச்சி மிக உயரத்தில் இருக்கும்போது ஒரு கோடு, மிகக் கீழே போனதும் ஒரு கோடு. இடைவெளிதான் ஸ்ட்ரோக். கம்பி விடாதீர்கள், பிஸ்டனில் கீறல் விழும். குச்சி சாய்ந்தால் அளவு தப்பும். போருக்கு சிலிண்டரைக் கழற்றித்தான் ஆகவேண்டும், வெர்னியர் வைத்து அளக்கணும். டூ ஸ்ட்ரோக் என்றால் கழற்றியபோதே ரிங்கையும் பார்த்துவிடுங்கள், எக்ஸாஸ்ட் துளைப் பக்கம் கீறல் இருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம்.