ஓர்க்காவோடு கடலில் இறங்கலாமா? கண்டவர்கள், இறங்கியவர்கள் எழுதுங்கள்

கல்லடியில் இருந்து

போன கிழமை அக்காவின் மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். வீடியோவில் ஒரு பெண் கறுப்பு உடுப்போடு கடலுக்குள் மிதக்கிறாள். அவளைத் தொடாத குறையாக மூன்று ஓர்க்காக்கள், அதுதான் கொலைத் திமிங்கிலம் என்கிறார்களே, அவை கடந்து போகின்றன. "மாமா, எங்கட கடலிலயும் இது இருக்காம். கண்டால் குதிக்கலாமா?" என்று கேட்டான். வயது 19, கல்லடிப் பாலத்தில் இருந்து மட்டக்களப்பு வாவிக்குள் குதித்து வளர்ந்த பிள்ளை. "குதிக்காதே" என்று வெறுமனே சொன்னால் கேட்கமாட்டான்.

நான் சுழியோடிகளை ஹெர்மிஸ் கப்பலுக்குக் கூட்டிப் போகிறவன். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. போகிற வழியில் ஓங்கில் (டொல்பின்) கூட்டம் எத்தனையோ தரம் படகோடு கூட ஓடி வந்திருக்கிறது. ஓர்க்காவை ஒருநாளும் காணவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

வாசித்து அறிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஓர்க்காவும் ஓங்கில் குடும்பம்தான், அதில் மிகப் பெரியது. ஆண் 8 மீற்றர் வரை வளரும், 6 தொன் வரை நிறுக்கும். கடலில் தன்பாட்டில் திரியும் ஓர்க்கா ஒரு மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு எங்கும் இல்லை. 1972 இல் கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடிய ஒருவரைக் கடித்தது, அவர் தப்பிவிட்டார். ஆட்கள் செத்தது, காட்சிக்காக ஓர்க்காவை அடைத்து வைத்திருக்கும் தொட்டிகளில்தான். 1991 க்கும் 2010 க்கும் இடையில் நாலு பேர். அதில் மூன்று சாவுகளில் டிலிக்கும் என்ற ஒரே ஆண் ஓர்க்கா சம்பந்தப்பட்டது. குட்டியாக இருக்கும்போது ஐஸ்லாந்துக் கடலில் தாயிடமிருந்து பிரித்துப் பிடித்து வந்தது அதை. அந்தக் கதையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆரையம்பதியில் இருந்து

அண்ணன், நான் இறங்கியிருக்கிறேன். இருப்பது நோர்வேயில், ட்ரொம்சோ நகரத்தில். இப்போது லீவுக்கு அம்மாவோடு நிற்கிறேன்.

வட நோர்வேயில் ஷேர்வொய் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் ஹெரிங் மீன் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கத்துக் குடாக்களுக்குள் வரும், பின்னாலேயே ஓர்க்கா வரும். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு டிசம்பரில் போனோம். அந்த மாதம் சூரியன் எழும்பாது. நடுப்பகலில் சில மணித்தியாலம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். தண்ணீர் 5, 6 பாகைதான். தண்ணி புகாத ட்ரைசூட் போட்டும் முகம் மரத்துப்போய்விட்டது.

கூட்டிப்போனவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. குதிக்கக் கூடாது, படகின் விளிம்பில் இருந்து சத்தமில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். அதை நோக்கி நீந்தக் கூடாது, கையை நீட்டக் கூடாது. வருவதும் வராததும் அதன் விருப்பம்.

இறங்கின உடனே முதலில் கண்டது செதில். சந்தையில் மீன் வெட்டும்போது பறக்குமே, அதுபோல ஆயிரக்கணக்கில், கண்ணாடிக்கு முன்னால் மினுங்கிக்கொண்டே மெல்ல மெல்லக் கீழே போனது. பிறகு சத்தம். டிக் டிக் டிக் என்று காதில் தொடங்கி நெஞ்செலும்புக்குள் கேட்டது. அவை மீனைச் சுற்றி வளைத்து, வெள்ளை வயிற்றைக் காட்டி மிரட்டி, பந்துபோல ஒடுக்கி, வாலால் ஒரு அடி. மயங்கின மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றன. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பொறுமை.

ஒரு தாய் குட்டியோடு வந்தது. குட்டியின் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இல்லை, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டின பிள்ளைபோல இருந்தது. தாய் பக்கவாட்டாகத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பெரிய வெள்ளைப் பொட்டைத்தான் நாங்கள் கண் என்று நினைக்கிறோம். உண்மையான கண் அதற்கு முன்னால், சற்றுக் கீழே, சின்னதாக இருக்கிறது. குட்டியை மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் போனது. எனக்கும் அப்போது இரண்டு வயது மகள் வீட்டில். ஸ்நோர்க்கலுக்குள்ளேயே அழுதேன்.

ஆனால் தம்பிக்கு இதையும் சொல்லுங்கள். அன்று நான் பயந்தது ஓர்க்காவுக்கு அல்ல. அதே மீனுக்காகக் கூனல் திமிங்கிலமும் வரும். வாயைத் திறந்துகொண்டு கீழே இருந்து எழும்பும்போது மேலே யார் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. எங்களுக்கு 20 மீற்றர் தள்ளி ஒன்று எழும்பியது. உடனே எல்லோரையும் படகுக்கு இழுத்தார்கள். அதைவிடவும் பக்கத்துப் படகுகளின் இஞ்சின். ஒரு கூட்டத்தைச் சுற்றி எட்டுப் படகு நின்றது. இரண்டாம் தரம் நாங்கள் இறங்கும்போது அவை தின்பதை விட்டுவிட்டுப் போய்விட்டன. மீன் பந்து கலைந்துபோனது. அந்தச் சாப்பாட்டைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மறுபடி போகவில்லை, போகமாட்டேன்.

வாழைச்சேனையில் இருந்து

ஆழ்கடல் படகில் பல வருடம் தொழில் செய்கிறவன். முதலில் ஒன்று: எங்கட ஆட்கள் "ஓர்க்கா கண்டோம்" என்று சொல்வதில் பாதி ஓர்க்கா இல்லை. தூண்டிலில் பட்ட சூரையைத் தின்றுவிட்டுத் தலையை மட்டும் மிச்சம் விடும் ஒரு கறுப்புச் சாதி இருக்கிறது. பொய்க் கொலைத் திமிங்கிலம் என்று எழுதுகிறார்கள். அது முழுக் கறுப்பு, செட்டை சின்னது, வளைந்தது. ஓர்க்காவுக்குக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு, முதுகில் செட்டைக்குப் பின்னால் சாம்பல் திட்டு. ஆணின் செட்டை நேராக, ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும்.

நான் சரியாகக் கண்டது ஒரே ஒரு தரம், ஒரு சித்திரை மாதம், கரையே தெரியாத தூரத்தில். மூன்று செட்டை, ஒன்று பெரியது. ஸ்கிப்பர் இஞ்சினை நியூட்ரலில் விட்டார். பெரியது படகுக்குக் கீழே புரண்டு போகும்போது வெள்ளை வயிறு தண்ணிக்குள் பச்சையாகத் தெரிந்தது. எங்களில் ஒரு பொடியன் சட்டையைக் கழற்றிவிட்டான், போனை மற்றவனிடம் கொடுத்து "எடு மச்சான்" என்கிறான். ஸ்கிப்பர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது உன்னைத் தின்னாது மகன். நீரோட்டம் கொண்டுபோனால் நான் உன்ர அம்மாவுக்கு என்ன சொல்ல?" என்றார். அங்கே படகு ஒரு பக்கம் இழுபடும், ஆள் ஒரு பக்கம் இழுபடுவான். கடல் கொஞ்சம் எழும்பினால் 100 மீற்றரில் தலை தெரியாது.

இன்னொன்று. நோர்வேயில் வருவது ஹெரிங் தின்ன. இங்கே வருவது எதைத் தின்ன என்று யோசியுங்கள். 2013 இல் மிரிஸ்ஸவுக்கு வெளியே ஓர்க்காக்கள் எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தாக்கியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நடுவில் ஒரு மனிதன் மிதந்தால் அவனைக் கடிக்க வேண்டும் என்றில்லை, வாலால் ஒரு அடி போதும்.

மறுபடி கல்லடியில் இருந்து

தங்கச்சி, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. இதை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். குட்டியை மற்றப் பக்கம் மாற்றிய இடத்தில் "திரும்ப வாசியுங்க மாமா" என்றான்.

எனக்கு மனதில் கிடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னர் பாசிக்குடாப் பக்கம் ஓங்கில் கூட்டம் ஒன்று கரைக்குக் கிட்ட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றின ஒரு படகு கூட்டத்துக்கு நடுவாலேயே வெட்டிப் போய், முன்னால் நிறுத்தி, ஆட்களைத் தண்ணீரில் போட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குட்டி ஒன்று தாய் இல்லாத பக்கம் போய்விட்டு, திரும்பித் திரும்பி மேலே வந்து மூச்சு விட்டது. அந்த "புஸ்" சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. இரவெல்லாம் வேட்டையாடி, பகலில் இளைப்பாறும் சாதி அது. ஓர்க்கா இங்கே வருகிறது என்று தெரிந்தால் அதையும் இப்படித்தான் துரத்துவோம் என்று பயமாக இருக்கிறது. 2024 இல் நியூசிலாந்தில் படகில் இருந்து ஓர்க்காவின் மேலேயே விழப் பார்த்துக் குதித்த ஒருவருக்கு 600 நியூசிலாந்து டொலர் தண்டம் விதித்தார்கள். எங்கள் நாட்டிலும் திமிங்கிலம், ஓங்கில் எல்லாம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவைதான்.

என் படகில் யாரும் இறங்கமாட்டார்கள். இஞ்சினை நியூட்ரலில் விட்டு, தூரத்தில் நின்று படம் எடுப்போம். செட்டையில் உள்ள வெட்டும் முதுகுத் திட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. இலங்கைக் கடலில் கண்ட ஓர்க்காக்களை அப்படித்தான் அடையாளம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மருமகன் என் பழைய கமராவை வாங்கிப்போய்த் துடைத்து, பற்றரி ஏற்றி வைத்திருக்கிறான்.

பொத்துவில், பாணமை, திருக்கோவில் பக்கத்து ஆட்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. கண்டிருந்தால் மாதம், கரையில் இருந்து எவ்வளவு தூரம், எத்தனை செட்டை, குட்டி இருந்ததா என்று போடுங்கள்.