தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான், அடுத்து யாரிடம் காட்டுவது?

வணக்கம். மனச்சிதைவு நோய்க்கு ஆறு வாரம் உள்நோயாளியாக இருந்த தம்பி போன வாரம் வீடு திரும்பினான். கையில் டிஸ்சார்ஜ் சீட்டும் பதினைந்து நாள் மாத்திரையும்தான். குளோசபின் என்ற மனநோய் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள், முதல் சில மாதம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். மாத்திரை இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடியும் குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதற்றம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98-இன்படி, அனுப்பும் முன்பே எங்களோடு பேசி அடுத்த சிகிச்சைக்குத் திட்டம் வகுத்திருக்க வேண்டும். யாரும் பேசவில்லை.

நாங்கள் செங்கம் பக்கம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இங்கே எந்தக் கிழமை வருவார்? குளோசபின் அரசு மருத்துவமனையில் கிடைக்குமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இப்போதுதான் அம்மா கையால் வாங்கிச் சாப்பிடுகிறான்.